சுகப்பிரியாவின் குரலுக்கு இரண்டு பெட்டிகள்

செத்துப்போன மனைவியின் குரல் போனுக்குள் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டு வருகிறது என்று ஒருவன் சொன்னால், கேட்பவர்கள் அவனை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். உச்சிமாகாளியையும் அப்படித்தான் பார்த்தார்கள். அவன் அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. கேசட் தேயும், செருப்பு தேயும், வண்டி டயர் தேயும். குரல் மட்டும் தேயாது என்று எந்த எஞ்சினியர் எழுதிக் கொடுத்திருக்கிறான் என்று திருப்பிக் கேட்டான்.

அவனிடம் இருந்தவை மொத்தம் நாற்பத்தொரு வாய்ஸ் மெசேஜ்கள்.

பதினாறு வருஷத்துக்கு முன் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரகடத்துக்கு வந்தவன் அவன். கார் கதவுக்குத் தகடு அடிக்கிற கம்பெனியில் பிரஸ் ஷாப் வேலை. மனைவி சுகப்பிரியாவுக்கு செல்போன் பூட்டுகிற கம்பெனி. மண்ணூரில் வாடகை வீடு. மகள் வேல்விழி பிறந்து, சுகப்பிரியா மறுபடி வேலைக்குப் போனபோது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால் இருவரும் தத்தம் சூப்பர்வைசரிடம் கெஞ்சி ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். அவனுக்குக் காலை ஷிப்ட் என்றால் அவளுக்கு மதியம், அவனுக்கு மதியம் என்றால் அவளுக்குக் காலை. ஒரே வீட்டில் குடியிருந்த புருஷனும் பெண்டாட்டியும் பஸ் ஸ்டாப்பில்தான் சந்தித்துக்கொண்டார்கள். ஒருவர் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்க, மற்றவர் பிள்ளையைக் கைமாற்றிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறுவார். பத்து வருஷம் இப்படி. மீதிக் குடித்தனம் முழுக்க வாய்ஸ் மெசேஜில்தான் நடந்தது.

“ஏங்க, ரசம் அடுப்புல இருக்கு, சூடு பண்ணிக்கிடுங்க. பிள்ளைக்குக் கணக்கு நோட்டு வேணுமாம், மறந்துராதீங்க.” பெரும்பாலும் இவ்வளவுதான். காதல் வசனம் ஒன்றும் கிடையாது. ஒன்றில் மட்டும், பேச வந்ததை மறந்துவிட்டு, “அய்யோ, என்ன சொல்ல வந்தேன்னே மறந்துபோச்சு” என்று சிரிப்பாள். சுருக்கமான மெசேஜ், சிரிப்பு மட்டும் நீளம்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஐந்து நாள் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். போன் மாற்றியபோதெல்லாம் பழைய மெசேஜ்கள் போயிருந்தன. இருக்கிற பெண்டாட்டியின் ரச விவகாரத்தை யார் சேமித்து வைப்பார்கள்? தேடிப் பார்த்ததில் மிஞ்சியவை நாற்பத்தொன்று. சுவரில் மாட்டிய போட்டோவில் இருப்பது ஸ்டுடியோக்காரன் சொல்லிச் சிரித்த சிரிப்பு, அது அவள் இல்லை. அவளென்று உலகத்தில் மிச்சம் இருந்தது அந்தக் குரல்தான்.

அந்தக் குரல்தான் மங்க ஆரம்பித்தது. முதல் வருஷம் நன்றாகத்தான் கேட்டது. பிறகு பேச்சின் ஓரமெல்லாம் மழுங்கிப்போய், அவள் போர்வையை வாயில் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஆயிற்று. போன் கோளாறு என்று புதுப் போன் வாங்கினான். அதிலும் அப்படித்தான். இயர்போன் வாங்கினான். கொஞ்ச நாள் தேவலை. பிறகு அதுவும் போர்வைக்குள் போயிற்று. முழுசாகப் போவதற்குள் எப்படியாவது அவளைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

“இத்துனூண்டு போனுக்குள்ள கொரலு எங்கபா வரும்?” என்றார் தாண்டவராயன். பிள்ளைப்பாக்கத்துக்காரர், அதே கம்பெனியில் எலக்ட்ரீசியன். முன்பு ஊர்க் கல்யாணங்களுக்கு மைக் செட் போட்டுக்கொண்டிருந்தவர். “மரத்துல பொட்டி கட்டு. நல்ல ஸ்பீக்கரு போடு. ஆளு எதுருக்க குந்திகினு பேசுற மாரி கேக்கும் பாரு.”

அவர் போகிற போக்கில் சொன்னார். இவன் அதையே பிடித்துக்கொண்டான்.

இன்டர்நெட்டிலிருந்து ஒரு வரைபடத்தைத் தாண்டவராயனே பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். கனத்த சத்தத்துக்கு வூஃபர், மெல்லிய மேல்சத்தத்துக்கு டுவீட்டர், இரண்டுக்கும் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கிற கிராஸ்ஓவருக்கான சாமான்கள், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் சென்னையில் ரிச்சி தெருவில் வாங்கினார்கள். பெட்டிக்கு ஸ்ரீபெரும்புதூர் மரக்கடையில் பதினெட்டு எம்எம் ப்ளைவுட் அறுத்து வாங்கி வந்தான். அன்றிலிருந்து எட்டு மாதம் அந்த வீட்டு ஹால் ஹாலாக இல்லை. மூலைக்கு மூலை மரத்தூள், பசை டப்பா, உப்புத்தாள். இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் ஆறுதான் இருந்தது. மீதி இடத்துக்கு அரிசி மூட்டையும் கிரைண்டர் கல்லும் ஏறி உட்கார்ந்தன. எட்டாவது படிக்கிற வேல்விழி, மாவரைக்க வேண்டுமென்றால் பசை காயும்வரை காத்திருந்தாள்.

முதல் பெட்டி ஒட்டி முடித்து மட்டம் வைத்தபோது ஒரு மூலை இரண்டு எம்எம் விலகி இருந்தது. தாண்டவராயன், “வுடுபா, யாரு ஸ்கேலு வச்சிகினு வரப்போறா?” என்றார். இரண்டு எம்எம் விலகின கதவை லைனிலிருந்து தூக்கி எறிகிறவனிடம் போய் இதைச் சொல்லலாமா? உச்சிமாகாளி சுத்தியலை எடுத்து அதை உடைத்தான். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

பெட்டிக்கு மேல் தேக்கு வெனீர். காகிதம்போன்ற அந்த மரத்தோலை சுகப்பிரியாவின் சலவைப்பெட்டியால் சூடு காட்டி ஒட்டினான். பிறகு நூற்றிருபது நம்பர் உப்புத்தாள், இருநூற்று நாற்பது, நானூறு. பிறகு மரத்தின் துளைகளை அடைக்கிற சீலர். அது காய்ந்ததும் மறுபடி தேய்ப்பு. பிறகு பாலிஷ் ஆறு கை. ஒவ்வொரு கைக்கும் நடுவில் தூசி விழக்கூடாது என்று ஏப்ரல் மாத வெயிலில் ஃபேன் போடத் தடை. வியர்வை ஒழுக ஒழுகப் பரீட்சைக்குப் படித்த பெண், ஒரு வார்த்தை முனகவில்லை. முகப்பில் ஸ்க்ரூ தெரிவது அவனுக்குப் பிடிக்கவில்லை. தேக்கில் வளையம் கடைந்து வாங்கி, ஸ்பீக்கரைச் சுற்றி ஸ்க்ரூவை மறைத்து ஒட்டிவிட்டான். இனி கழற்றுகிற தேவை வராது என்று அவனுக்கு அவ்வளவு நிச்சயம்.

வளையம் ஒட்டுவதற்கு முன்னால்தான் அந்த ஒரு காரியம் நடந்தது. தாண்டவராயன் வீட்டு விசேஷமென்று அந்த வாரம் வரவில்லை. இவன் தனியாக மெசேஜைப் போட்டுக் கேட்டான். வரைபடத்தில் இருந்தபடி எல்லாம் பூட்டியிருந்தது. ஆனாலும் சுகப்பிரியா போர்வைக்குள்தான் இருந்தாள். மூலைக்கு நகர்த்தினான், பெட்டிக்குள் அடைத்த பஞ்சைக் குறைத்தான், அசையவில்லை. டுவீட்டருக்கு முன்னால் ஒரு ரெசிஸ்டர் இருந்தது. கீச்சென்ற மேல்சத்தம் மிஞ்சிப் போகாமல் அடக்கி வைக்கிற சின்ன உருப்படி. எதற்கு அடக்க வேண்டும்? இரண்டு பெட்டியிலும் அதை வெட்டி எடுத்துவிட்டு ஒயரை நேராக இணைத்தான்.

சுகப்பிரியா போர்வையை விலக்கிக்கொண்டு ஹாலுக்குள் வந்து நின்றாள்.

“ஏங்க, ரசம் அடுப்புல இருக்கு.” ஒவ்வொரு சொல்லும் ஓரம் மடங்காமல் வந்தது. உச்சிமாகாளி தரையில் உட்கார்ந்துவிட்டான். எட்டு மாத உழைப்பு வீண்போகவில்லை, அவளைப் பிடித்துவிட்டான். அன்று சாயங்காலமே வளையங்களைப் பசை போட்டு ஒட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை தாண்டவராயனைக் கூப்பிட்டு, மகளை முன்னால் உட்காரவைத்து, நாற்பத்தொரு மெசேஜையும் வரிசையாகப் போட்டான். இரண்டு பெட்டிகளும் தேக்கு நிறத்தில் மினுமினுவென்று நின்றன. மூன்றாவது மெசேஜில் தாண்டவராயன் காதைத் தேய்த்துக்கொண்டார். ஏழாவதில் ஒரு போன் வந்ததாகச் சொல்லி வெளியே போனவர் திரும்பவே இல்லை. வேல்விழி அசையாமல் இருந்தாள். அவள் கண்ணில் நீர் கோர்த்திருந்தது. அம்மா ஞாபகம் என்று நினைத்து அவன் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினான்.

அதற்குப் பிறகு வேல்விழி வீட்டில் தங்கவில்லை. அவன் போனைக் கையில் எடுத்தால் போதும், மாடி வீட்டில் நோட்டு வாங்க வேண்டும், கடையில் பென்சில் வாங்க வேண்டும் என்று கிளம்பிவிடுவாள். ஒரு வாரம் பொறுத்தான். பிள்ளை தாயை மறக்கிறது என்று நினைத்துக்கொண்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் செருப்பை மாட்டும்போது வாசலை மறித்துக்கொண்டான்.

“எங்க போற? ஒங்கம்மா பேசுதா, ஒனக்கு அது கசக்குதோ? ரெண்டே வருசத்துல கசந்துபோச்சோ?”

“அது அம்மா இல்லப்பா!”

“என்னது?”

“அம்மா அப்டியா பேசும்? தகரத்துல ஆணிய வச்சி கீறுற மாரி கீதுப்பா. காது கூசுது. தல வலிக்குது. நீ கஷ்டப்பட்டு செஞ்சியேன்னு நானும் குந்திகினுதான் இருந்தேன். முடியலப்பா.” சொல்லிவிட்டு அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். “அம்மா கொரலு எனக்கு மறந்துடும்போல கீது. இத கேட்டு கேட்டு இதான் ஞாபகம் வருது.”

உச்சிமாகாளிக்குக் கை ஓங்கிவிட்டது. ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சுவரில் வைத்தான். பிறகு தாண்டவராயனுக்கு போன் போட்டு வரச் சொன்னான். ஒரு பெரிய மனுஷன் வந்து அந்தப் பெண்ணுக்குப் புத்தி சொல்லட்டும் என்பது அவன் எண்ணம்.

வந்தவர் புத்தி சொல்லவில்லை. பெட்டியைத் தடவிக்கொண்டே ஆரம்பித்தார்.

“மாகாளி, ஒண்ணு கேக்கிறேன், கோச்சிக்காத. வருஷா வருஷம் மெடிக்கல்ல காது டெஸ்டு எடுக்கிறாங்களே, ஒனக்கு இன்னா வந்துது?”

“நார்மல்னுதாம்ணே வந்துச்சு. ரிப்போர்ட்டு பீரோவுல இருக்கு, எடுத்துட்டு வரட்டா?”

“ரிப்போர்ட்டு கெடக்குது. எப்டி பாஸ் பண்ண?”

பிரஸ் ஷாப்பில் எல்லாரும் எப்படிப் பாஸ் பண்ணுகிறார்களோ அப்படித்தான். வருஷத்துக்கு ஒரு நாள் கம்பெனிக்குள் மெடிக்கல் வண்டி வரும். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டுவார்கள். சத்தம் கேட்டால் கையிலுள்ள பட்டனை அமுக்க வேண்டும். காது சரியில்லை என்று வந்தால் பிரஸ் ஷாப்பிலிருந்து தூக்கிவிடுவார்கள், ஓவர்டைம் காசு போகும். கான்ட்ராக்ட் ஆளென்றால் வேலையே போகும். அதனால் யாரும் ஹெட்போனை நம்புவதில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷினைத் திருகுகிற ஆளின் தோளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தோள் அசைந்தால் அமுக்கு. அவ்வளவுதான். இந்த வித்தையில் உச்சிமாகாளி கெட்டிக்காரன். புதிதாக வருகிற தென்காசி, கோவில்பட்டிப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறதே அவன்தான். காதில் வைக்கக் கொடுக்கிற பஞ்சையும் யாரும் வைப்பதில்லை; வைத்தால் டை என்கிற அச்சு உடைகிற சத்தம் தெரியாது, லைன் நின்றுபோகும். ஆறு வருஷமாக அவன் பேப்பரில் நார்மல் என்று அச்சாகி வந்தது. அப்படி அச்சாக வைத்தது தோளைப் பார்க்கிற தன் வித்தைதான் என்பதை மறந்து, அந்தப் பேப்பரை அவனே நம்பிவிட்டான். ஊரை ஏமாற்றுகிறவன் கடைசியில் தன்னை ஏமாற்றிக்கொள்வதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது!

தாண்டவராயன் தன் போனைப் பெட்டியில் இணைத்தார். “கீழேர்ந்து மேல ஏறுற சத்தம் ஒண்ணு போடுறேன். கேக்குற வரிக்கும் கைய தூக்கிகினு இரு. நின்னுட்டா எறக்கிடு. வேலு, நீயும் தூக்கும்மா. மாகாளி, கண்ண மூடிக்கோ. நல்லா மூடு.”

மூடினான். முதலில் கம்பெனி பஸ் நின்றுகொண்டு உறுமுகிற மாதிரி ஒரு சத்தம். அது மெல்ல ஏறி நாதஸ்வரம் அளவுக்கு வந்தது. பிறகு விசில் அளவுக்கு. பிறகு விசில் மெலிந்து, இழையாகி, நின்றது. கையை இறக்கினான்.

“இவ்வளவுதானாண்ணே? அடுத்தத போடுங்க” என்றான்.

கண்ணைத் திறந்தான். தாண்டவராயன் கை அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தது. வேல்விழியின் கை மேலேயே இருந்தது. இன்னொரு கையால் அவள் காதைப் பொத்திக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு, அப்பாவைப் பார்த்தாள். அவன் காதுக்கு ஹாலில் ஓர் அரவமும் இல்லை. அவள் கை இறங்குகிற பாடாக இல்லை. வெகுநேரம் கழித்துத்தான் அந்தக் கை கீழே வந்தது.

“கொரலு தேயலப்பா” என்றார் தாண்டவராயன். அவர் கண் கலங்கியிருந்தது. “அது அப்டியேதான் கீது.”

மறுவாரம் ஸ்ரீபெரும்புதூரில் காது டாக்டர் டெஸ்ட் எடுத்து, எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று படம் போட்டுக் காட்டினார். கோடு பாதிவரை நேராக வந்து, அதற்கப்புறம் கிணற்றில் குதித்த மாதிரி இறங்கிப் போயிருந்தது. மெஷின் வைத்தால் பேச்சு ஓரளவு புரியும், ஆனால் போன சத்தம் போனதுதான் என்றார். அவன் தலையாட்டிவிட்டு வந்தான். அவன் கணக்குப் போட்டது வேறு. இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. ரெசிஸ்டர் இல்லாவிட்டால் சுகப்பிரியா அவனுக்குக் கிடைப்பாள், பிள்ளைக்குக் கிடைக்க மாட்டாள். ரெசிஸ்டரை வைத்தால் பிள்ளைக்குக் கிடைப்பாள், அவனுக்கு இல்லை. அவன் இல்லாதபோது வைத்து, இருக்கும்போது எடுத்து என்று ஒரு சுவிட்ச் போட்டுக்கொள்ளலாமென்று தாண்டவராயன் யோசனை சொன்னார். செய்யக்கூடியதுதான். ஆனால் மகள் சொன்னது அவன் மண்டைக்குள் முள்ளாக நின்றது. அவன் ஒவ்வொரு தடவை தனக்காகப் போட்டுக் கேட்கும்போதும், அடுத்த அறையில் அந்தப் பெண் தாயின் நிஜக் குரலைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டிருப்பாள். நாற்பத்து மூன்று வயசுக்காரன் கேட்டது போதும். அவளுக்கு வயசு பதின்மூன்று.

மதிய ஷிப்டுக்குப் போவதற்கு முன், ஒரு வேலைநாள் காலையில், உளியை எடுத்துத் தேக்கு வளையங்களைப் பெயர்த்தான். நல்ல பசை, சுலபமாக வரவில்லை. வளையத்தோடு வெனீரும் நார் நாராக உரிந்து வந்தது. ஆறு கை பாலிஷும் போயிற்று. வூஃபரைக் கழற்றி, கையை உள்ளே விட்டு, வரைபடத்தில் உள்ளபடியே ரெசிஸ்டரை வைத்துப் பற்றவைத்தான். மற்றப் பெட்டிக்கும் அப்படியே செய்து மூடினான். முகப்பு புண்பட்டுப்போய் நின்றது. அவனுக்கு அதில் ஒரு வருத்தமும் தோன்றவில்லை.

பள்ளிக்கூடம் விடுமுறை. வேல்விழி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். வரச் சொல்லிப் பக்கத்தில் உட்காரவைத்தான். சிரிப்பு வருகிற அந்த மெசேஜைப் போட்டான்.

அவனுக்கு ஒரு முணுமுணுப்பு கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு பொம்பளை, யாருடனோ பேசுகிறாள். என்ன சொல்கிறாள் என்று மனப்பாடமாகத் தெரிந்ததால்தான் அது அவளென்று தெரிந்தது. அவன் பெட்டியைப் பார்க்காமல் பெண்ணைப் பார்த்தான். அவள் முதுகு நிமிர்ந்தது. வாய் லேசாகத் திறந்துகொண்டது.

“அம்மாப்பா” என்றாள்.

“நல்லா கேக்கா?”

“நல்லா கேக்குதுப்பா. பக்கத்துல கீற மாரி. வளையல் சத்தம்கூட கேக்குது.”

“வளையலா?”

சுகப்பிரியாவுக்குக் கம்பெனிக்குள் வளையல் போட அனுமதி இல்லை. வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி வளையலை எடுத்து மாட்டிக்கொண்டுதான் அடுப்படிக்குப் போவாள். போனைத் தூக்கிப் பேசும்போது அது குலுங்கியிருக்கிறது. அந்த மெசேஜை அவன் ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பான். அதில் வளையல் இருந்ததே அவனுக்குத் தெரியாது.

“இன்னொருவாட்டி போடு” என்றான். போட்டாள். காதைப் பெட்டியிலேயே ஒட்டி வைத்துக் கேட்டான்.

“இதோ, இப்ப! இப்ப கேட்டியா?”

“கேக்கல பிள்ள” என்றான் உச்சிமாகாளி. “எனக்குக் கேக்கல. எப்படி இருக்குன்னு சொல்லு.”

அவள் யோசித்தாள். கையை ஆட்டிப் பார்த்தாள். ஏதோ ஒரு சத்தத்தை வாயால் செய்ய முயன்று, அது அப்படி இல்லை என்று விட்டுவிட்டாள்.

“எப்டி சொல்றதுன்னு தெர்லப்பா. அம்மா மாரிதான் கீது.” பிறகு அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். “இரு, இப்ப சிரிக்குது. இன்னும் சிரிச்சிகினே கீது. இன்னும். ம், நின்னுடுச்சு.”

உச்சிமாகாளி வாய்விட்டு அழுதான். சுகப்பிரியாவைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அவன் இப்படி அழவில்லை. அன்றைக்கு அவள் குரலாவது அவன் கையில் இருந்தது.